வலியின் பெயர்கள்

குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல் என வலியைக் குறிக்க நம் மொழியில் எத்தனை சொற்கள்! ஒருபொருள் குறித்த பல சொற்கள் என்று வகுப்பறையில் கூறி நகர்ந்துவிடுவது ஆசிரியர்களாகிய நம் வழக்கம். நோயாளியின் கட்டிலருகே அவை ஒருபொருள் தருவன அல்ல.

என் தமக்கையாருக்கு மார்பில் தோன்றிய புற்றுநோய் முதுகெலும்புக்கும் பரவியிருந்தது. மருத்துவர் தமிழறியாதவர், நானே இடைநின்று மொழிபெயர்த்தேன். வலி எப்படியென்று வினவும்போதெல்லாம், "பரவாயில்ல தம்பி" என்பதே அக்காளின் விடை. தோட்டத்தில் பால்மரம் சீவிப் பிள்ளைகளை ஆளாக்கியவர் அவர். பொறுத்துக்கொள்வதே பெண்மைக்கு அழகென்று அவருக்குக் கற்பித்தவர் யாரோ! நம் பாடநூல்களுக்கும் அதில் பங்குண்டு என்பேன். இரவில் உறங்க முடிகிறதா என்று மருத்துவர் கேள்வியை மாற்றிய பிறகே, "முதுகுல குடையுது, காலு வழியா நெருப்பா எரியுது" என்றார்.

அதனைக் கேட்டதும் மருத்துவர் கால்களின் வலிமையைச் சோதித்தார். சிறுநீர் தடையின்றிப் பிரிகிறதா என்றும் விசாரித்தார். கட்டி தண்டுவடத்தை நசுக்கத் தொடங்கியிருந்தால், ஓரிரு நாள் தாமதத்திலேயே நடை நிரந்தரமாகப் போய்விடக்கூடும். நல்ல வேளையாக, அன்றே எடுத்த படத்தில் நரம்பு வேர் ஒன்று மட்டுமே அழுந்தியிருக்கக் கண்டனர். எலும்பின் குடைச்சலுக்கு ஒரே வேளைக் கதிர்வீச்சு. நரம்பின் எரிச்சலுக்கு, வலிப்பு நோய்க்கு வழங்கும் மாத்திரைகளுள் ஒன்று. இரண்டுக்கும் பொதுவாக மார்பின்.

மார்பின் என்றதும், முடிவு நெருங்கிற்றோ என்று வீட்டார் கலங்கினர். உலகச் சுகாதார நிறுவனம் 1986இலேயே இதற்கு நெறி வகுத்துவிட்டது: இயன்றவரை வாய்வழியாகத் தருக, வலி வரட்டும் என்று காத்திராமல், கடிகாரம் பார்த்துக் குறித்த நேரத்தில் தருக. வலிக்கேற்ற அளவில் தந்தால் அது மரணத்தை விரைவுபடுத்துவதில்லை. மலச்சிக்கல்தான் பெரும்பாலும் உடன்வரும். அதனால் மலமிளக்கியையும் சேர்த்தே தொடங்குவர்.

குடைச்சல் தணிந்தது, எரிச்சலும் குறைந்தது. "இப்ப உளைச்சல் மட்டுந்தான்" என்றார் அக்காள். காலின் உளைச்சலா, மனத்தின் உளைச்சலா? தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்; மொழிபெயர்க்க நான் திணறினேன். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், உடல், மனம், குடும்பம், ஆன்மா ஆகிய எல்லாவற்றின் நோவையும் சேர்த்தே 'முழுவலி' என்றார். நான் அக்காளிடமே கேட்டேன்.

"சின்னவ படிப்ப யாரு பாத்துக்குவா?"

மருத்துவர் அதனையும் வலிக்குறிப்பில் எழுதிக்கொண்டார்.