யோகோஹாமா துறைமுகத்தில் ஐந்து நாட்கள்

நாகபுரியில் ரயில்வே குமாஸ்தா உத்தியோகத்தில் பதின்மூன்று ஆண்டுகளைக் கழித்துவிட்ட எங்கள் குடும்பத்துக்கு ஜப்பான் யாத்திரை என்பது கனவிலும் எட்டாத காரியமாகவே இருந்தது. யோகோஹாமாவில் கணினித் துறையில் பணியாற்றும் மைத்துனர் விமானச் சீட்டுகளை அனுப்பியிராவிட்டால் அது அப்படியே இருந்திருக்கும். சென்ற ஐப்பசியில் நானும் அவளும் என்றில்லாமல் 'நாங்கள்' என்றே எல்லாவற்றையும் பார்த்தோம். அப்படியே எழுதவும் துணிகிறோம்.

புறப்படுமுன் மாமியார் சீர்காழியிலிருந்து இரண்டு பொருள்களை அனுப்பியிருந்தார். ஒன்று, இரண்டு சேர் காப்பிப்பொடி. மற்றொன்று ஒரு செய்தி: "அங்கே போய் ஏழு வருஷம் ஆயிற்று. போதும், ஊருக்கு வந்துவிடச் சொல்லுங்கள்." காப்பிப்பொடியைச் சுமப்பது எளிதாயிருந்தது.

யோகோஹாமா முன்னர் ஒரு சிறிய மீனவக் கிராமம். 1859-இல் அயல்நாட்டு வாணிகத்துக்குத் துறைமுகம் திறந்துவிடப்பட்ட பின்னர் விரைந்து வளர்ந்து, இன்று 37 லட்சம் மக்களுக்கு மேல் வாழும் மாநகராகத் திகழ்கிறது. ஜப்பானில் டோக்கியோவுக்கு அடுத்த பெரிய நகரம் இதுவே.

ரயில்வேக்காரர்கள் எங்கே போனாலும் முதலில் தேடுவது தண்டவாளத்தைத்தானே! ஜப்பானின் முதல் ரயில் பாதை 1872-இல் டோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே திறக்கப்பட்டது. 29 கிலோமீட்டர் தூரத்தை 53 நிமிஷங்களில் கடந்தார்களாம். பம்பாய்-தாணா ரயில் ஓடியது 1853-இல்; நம் இராயபுரம் நிலையம் திறந்தது 1856-இல். ஆகவே இவ்விஷயத்தில் நாம் மூத்தவர்கள் என்று மைத்துனரிடம் பெருமையடித்துக்கொண்டோம். அன்றைய யோகோஹாமா நிலையம் இருந்த இடமே இன்றைய சகுராகிச்சோ நிலையம். அதன் அருகில், 1871-இல் இங்கிலாந்தில் செய்யப்பட்ட 110-ஆம் எண் நீராவி எஞ்சினைத் துடைத்து மெருகிட்டு வைத்திருக்கிறார்கள். அப்பாதையை அமைத்த ஆங்கிலேய இன்ஜினியர் எட்மண்ட் மோரெல், வண்டி ஓடுவதைக் காணாமலே 1871-இல் முப்பது வயதில் காலமானார். குன்றின்மேலுள்ள அயல்நாட்டவர் இடுகாட்டில் அவர் துயில்கிறார். சிறிது நேரம் அங்கே மௌனமாக நின்றோம்.

சகுராகிச்சோவிலிருந்து கடலை நோக்கிப் போகும் பழைய சரக்கு ரயில் பாதையை நடைபாதையாக்கி, தண்டவாளத்தைப் பெயர்க்காமல் அதன்மேலேயே மக்களை உலாவ விட்டிருக்கிறார்கள். அது கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் 1911-லும் 1913-லும் கட்டி முடித்த இரண்டு செங்கல் கிடங்குகள். சுங்க இலாகாவின் சரக்குக் கிடங்குகளாயிருந்த அவை இன்று கடைகளும் உணவகங்களும் நிறைந்த அங்காடிகள்.

அந்நாட்டு ரயில்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஓட்டுநர் ஒவ்வொரு கைகாட்டியையும் விரலால் சுட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்கிறார். நம் எஞ்சின்களிலும் ஓட்டுநரும் உதவியாளரும் கைகாட்டியை உரக்கச் சொல்வதுண்டு. இவர் தனியாயிருந்தும் தவறாமல் சொல்கிறார். ஒரு நாள் வண்டி சில நிமிஷங்கள் தாமதித்தது. நிலையச் சிப்பந்தி மன்னிப்புக் கோரி, அலுவலகத்தில் காட்டுவதற்காகத் தாமதச் சான்றுச் சீட்டுகளை வழங்கினார். நாங்களும் ஒன்றை வாங்கிப் பத்திரப்படுத்தினோம். எங்கள் அலுவலகத்தில் அதைக் கண்ட நண்பர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

சைவ உணவினரான எங்களுக்குச் சாப்பாடு ஒரு சோதனையே. காய்கறி ரசம் என்று தோன்றுவதிலும் உலர்த்திய சூரை மீனின் சாரம் கலந்திருக்கும். நம்மவர் மாசி என்பார்களே, அதன் உறவு. ரயில் நிலையங்களில் சோற்றுப்பெட்டிகள் அழகழகாக அடுக்கியிருக்கும். இவ்வூரில் 1954 முதல் புகழ்பெற்ற சியுமாய்ப் பெட்டியில் பன்றியிறைச்சிக் கொழுக்கட்டை இருப்பதால், அதன் கட்டுமானத்தை மட்டும் வியந்து நகர்ந்தோம். ஆனால் ஜப்பானிலேயே பெரியதான இவ்வூர்ச் சீனர் வீதியில் எங்களுக்கும் ஒரு விருந்து கிடைத்தது. வண்ண வாயில்களும் சிவப்பு விளக்குகளும் நெரிசலுமாக அந்த வீதி, தேரோட்ட நாளின் சன்னிதித் தெருவை நினைவூட்டுகிறது. அங்கே எள்ளில் புரட்டிப் பொரித்த ஓர் உருண்டையை மைத்துனர் விசாரித்து வாங்கித் தந்தார். உள்ளே இனிப்பான சிவப்புப் பயறு. "அக்கா, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடு, அம்மா செய்யும் சுகியன்" என்றார். இல்லத்தரசி கண்ணை மூடினாள். திறக்கச் சற்று நேரமாயிற்று.

மோத்தோமாச்சிக் கடைத்தெருவின் விலைகளைப் பார்வையிட்டதோடு திருப்தியடைந்தோம். எனினும் இது ஒரு காலத்தில் ஜப்பானியப் பட்டு உலகெங்கும் புறப்பட்ட துறைமுகம். இவ்வூர்ப் பட்டுக் கழுத்துத்துணி பெயர்பெற்றது. மாமியாருக்காக ஒன்று வாங்கினோம். பட்டு வணிகர் ஹாரா சங்கேய் 1906-இல் மக்களுக்குத் திறந்துவிட்ட சங்கேயென் தோட்டத்தையும், 1457-இல் கட்டப்பெற்று அங்கே கொண்டுவந்து நிறுவப்பட்ட மூன்றடுக்குக் கோபுரத்தையும் கண்டோம். 1916-இல் கவி தாகூர் அங்கே விருந்தினராகத் தங்கியிருந்தார்.

கடைசி நாள் மாலை யமஷிதா பூங்காவுக்குச் சென்றோம். கரையோரம் 1930-ஆம் ஆண்டின் ஹிகாவா மாரு கப்பல் ஓய்ந்து நிற்கிறது. நாங்கள் நடந்த தரை இயற்கையானதன்று. 1923 செப்டம்பர் 1-ஆம் தேதி நண்பகலுக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் பூகம்பம் தாக்கியது. சமையல் வேளையாதலால் எங்கும் தீ மூண்டது. அவ்வட்டாரம் முழுதும் லட்சம் பேருக்கு மேல் மாண்டனர். இடிந்த வீடுகளின் கல்லையும் மண்ணையும் கடலில் கொட்டித் தூர்த்து, அதன்மேல் அமைத்ததே இந்தப் பூங்கா.

பூங்காவில் ஓரிடத்தில் குவிமாடத்துடன் நம் நாட்டுச் சாயலில் ஒரு மண்டபம் நிற்கக் கண்டு திகைத்தோம். அதன் பெயர் இந்தியத் தண்ணீர்க் கோபுரம். பூகம்பத்தில் இவ்வூரின் இந்திய வணிகர்களும் மடிந்தனர்; பிழைத்தவர்களில் பலர் கோபே நகருக்குச் சென்றுவிட்டனர். யோகோஹாமாவாசிகள் அவர்களுக்கு வீடும் கடையும் அமைய உதவி, திரும்ப அழைத்துக்கொண்டனர். அந்த நன்றிக்கும், மாண்டவர் நினைவுக்குமாக 1939-இல் இந்தியர்கள் கட்டியளித்த நீரருந்தும் மண்டபம் இது. உட்கூரையின் வண்ணக் கற்பதிப்பு கண்ணைப் பறிக்கிறது.

அங்கே உட்கார்ந்தபோது மைத்துனரே பேச்சை எடுத்தார்.

"அத்தான், அம்மா சொல்லியனுப்பியது எனக்குத் தெரியும். நான்கு நாளாக நீங்கள் கேட்கவில்லை. ஊர் நினைவு வரும்போதெல்லாம் இங்கேதான் வந்து உட்காருவேன். இவர்கள் போனவர்களைக் கூப்பிட்டார்கள். அவர்களும் திரும்பி வந்தார்கள். கூப்பிடுகிற ஊரை விட்டு எப்படிப் போவது?"

"அம்மாவும் கூப்பிடத்தானே செய்கிறாள்?" என்றாள் இல்லத்தரசி.

அவர் பதில் சொல்லவில்லை. எங்களாலும் மேலே ஒன்றும் சொல்ல இயலவில்லை. 'இரண்டு வருஷத்தில் மாற்றல் வாங்கி வந்துவிடுகிறோம்' என்று பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் மயிலாடுதுறையில் சொல்லிவிட்டு நாகபுரிக்கு வண்டியேறியவர்கள் நாங்கள். எந்த வாயால் உபதேசம் செய்வது?

தைப்பொங்கலுக்கு மைத்துனர் சீர்காழிக்கு வந்தார். மூன்று வாரம் தங்கிப் போனார். வற்புறுத்தவில்லை என்பதை நாங்கள் மாமியாரிடம் ஒப்புக்கொண்டோம். "போனவர்களையே தூது அனுப்பினேன் பாருங்கள், என் புத்தியை!" என்று அவர் சிரித்தார், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்போது பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டிருக்கிறார். அந்தப் பட்டுத் துணியை அணிந்துகொண்டுதான் புறப்படுவாராம்.

அன்பர்களே! பிழைக்க வந்த இடத்துக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார்கள் அந்த வணிகர்கள். நமக்குச் சோறு போடும் இந்த நாகபுரியில் சித்திரை வெயில் எப்படியிருக்கும் என்பதை நாம் அறிவோம். வருகிற கோடையில் நமது சங்கத்தின் சார்பில் ரயில் நிலையத்தருகே ஒரு தண்ணீர்ப் பந்தல் போட்டால் என்ன? பானைகளும், காலை வேளையில் நீர் நிரப்பும் பணியும் எங்கள் பொறுப்பு. மற்றவற்றை அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.