தெளிந்த நீரில் இறங்கும் மலை

தேவப்பிரயாகையில் பாகீரதியும் அலக்நந்தாவும் கூடுமிடத்தில் எல்லோர் கண்ணும் நிறத்தைத்தான் பார்க்கும். ஒன்று கலங்கல், மற்றொன்று அத்தனை கலங்கல் இல்லை. சிறிது தூரம் ஒட்டியும் ஒட்டாமலும் ஓடிவிட்டு, கங்கை என்ற ஒரே பெயரில் கீழிறங்குகின்றன. கலங்கல் என்பது பொடியாகிப் போகும் மலை. அந்த வண்டலை முழுக்க வடித்தெடுத்த பின்னும் தண்ணீரில் மலை மிச்சமிருக்கிறது, கரைந்துபோய்.

நீர் வேதியியல் ஆய்வாளர்கள் தேடுவது இந்தக் கரைந்த பங்கை. ஆற்று நீரை 0.45 மைக்ரான் துளையுள்ள வடிதாளில் செலுத்தி இரண்டு பாட்டில்களில் பிடிக்கிறார்கள். கால்சியம், மெக்னீசியம், சோடியம் அளப்பதற்கான பாட்டிலில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் விழும். இல்லையென்றால் கரைந்திருப்பதில் ஒரு பகுதி பாட்டிலின் சுவரில் படிந்துவிடும். குளோரைடும் சல்பேட்டும் அளக்க வேண்டிய பாட்டிலில் அமிலம் கூடாது. பைகார்பனேட்டை முடிந்தால் கரையிலேயே அளந்துவிடுவது நல்லது.

இத்தனை கவனம் எதற்கு? காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏந்திவரும் மழைநீர் லேசான அமிலம். அது சுண்ணாம்புக் கல்லைக் கரைக்கும்போது உருவாகும் பைகார்பனேட்டில் பாதிக் கரி கல்லுடையது, பாதி காற்றுடையது. கடலில் சிப்பியும் பவளமும் ஓடு கட்டும்போது காற்றின் பாதி மறுபடி வாயுவாகிவிடும். நீண்ட காலக் கணக்கில் வரவும் இல்லை, செலவும் இல்லை. கருங்கல் போன்ற சிலிக்கேட் பாறை கரைவது மிக மெதுவாக. ஆனால் அங்கே கரி முழுதும் காற்றிலிருந்து வருகிறது, அதில் பாதி கடலடிச் சுண்ணாம்பாக நிலைத்துவிடுகிறது. ஆகவே எந்தக் கல் கரைந்தது என்பதே கேள்வி.

இமயம் உயர்ந்ததால் சிலிக்கேட் சிதைவு பெருகி, காற்றில் கரியமில வாயு குறைந்து, பூமி குளிர்ந்தது என்று 1992இல் ரேமோவும் ரட்டிமனும் வாதிட்டார்கள். கம்பீரமான கருத்து. ஆனால் ஆற்று நீர் சொன்னது வேறு. 1989இலேயே சரின், கிருஷ்ணசுவாமி முதலியோர் கங்கை, பிரம்மபுத்திரா நீரை அளந்து, மலைப் பகுதியில் சுண்ணாம்புப் பாறைகளின் கையே ஓங்கியிருப்பதைக் காட்டியிருந்தார்கள். அதைவிட வியப்பு நங்கா பர்பத் சிகரத்தின் அருகே ராய்க்கோட் ஓடையில். அங்கே பாறையில் சுண்ணாம்பு சுமார் 1 சதவீதம்தான். ஆனால் ஜோயல் புளூமின் குழு 1998இல் போட்ட கணக்கில், நீரின் பைகார்பனேட்டில் 82 சதவீதம் அந்த ஒரு சதவீதத்திலிருந்து வந்தது! பனியாறு அரைத்துத் தரும் புதுப்பொடியில் சுண்ணாம்பு முந்திக் கரைந்துவிடுகிறது, சிலிக்கேட் பின்தங்குகிறது.

பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் இருக்கும் பாறைகளில் கணக்கு தலைகீழாகவும் ஆகலாம். பைரைட் காற்றுப்பட்டுக் கந்தக அமிலமாகிச் சுண்ணாம்பைக் கரைத்தால், கல்லுக்குள் கிடந்த கரி காற்றுக்குப் போகும். சல்பேட்டை விடாமல் அளப்பது இதனால்தான். கரைந்த பங்கு மட்டுமே கணக்கும் அல்ல: இமயம் கரியைப் புதைத்ததில் பெரும்பங்கு வங்கக் கடலடியில் வண்டலோடு சேர்ந்த தாவர எச்சங்களுக்கே என்று 1997இல் பிரான்ஸ்-லனோர், டெரி இருவரும் எழுதினார்கள். வேதியியலுக்காக வடித்து ஒதுக்கிய கலங்கலுக்கும் கணக்கில் இடம் கிடைத்தது அப்படித்தான்.

மே மாதத்தில் மட்டும் போய்ப் பாட்டில் நிரப்பிவந்தால் போதாது. மழைக்காலத்தில் நீர் பெருகிக் கரைபொருளின் செறிவு குறைந்தாலும், ஆண்டின் மொத்தச் சுமையில் பெரும்பகுதி அந்தச் சில மாதங்களில்தான் போகிறது. மண்சரிந்து மலைச்சாலை அடைபடும் மாதங்களும் அவையே. அப்போது ஆற்றங்கரைக்குப் போய்ப் பிடித்துவரும் தண்ணீருக்குத்தான் மதிப்பு அதிகம்.