எலிசபெத்தைப் பெற்றவர்கள்

1620-ஆம் ஆண்டின் இலையுதிர்காலப் புயல் ஒன்றில், அட்லான்டிக் நடுவே, பாய்களைச் சுருட்டிக்கொண்டு அலையின் போக்கில் தத்தளித்தது மேஃப்ளவர் கப்பல். கீழே அடைந்து கிடந்த நூற்றிரண்டு பயணிகளில் ஜான் ஹவ்லண்ட் என்ற இளைஞன் மேல்தளத்துக்கு ஏறி வந்தான். கப்பல் சாய்ந்த ஒரு சாய்வில் கடலுக்குள் விழுந்துவிட்டான். வெளியே தொங்கி நீரில் இழுபட்ட பாய்க்கயிறு ஒன்று கையில் சிக்கியது. பல பாகம் ஆழத்துக்குப் போனபோதும் அதை அவன் விடவில்லை. கயிற்றோடு மேலே இழுத்து, கொக்கி போட்டுக் கப்பலில் ஏற்றினார்கள். கொஞ்ச நாள் சுகமில்லாமல் கிடந்து தேறினான். இதை எழுதி வைத்தவர் பின்னாளில் பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநரான வில்லியம் பிராட்ஃபோர்டு.

அதே கப்பலில் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். எலிசபெத் டில்லி. அப்பா ஜான் டில்லி, அம்மா ஜோன், சித்தப்பா எட்வர்டு, அவர் மனைவி ஆன் எல்லோரும் உடன் வந்தார்கள். டிசம்பரில் குடியேற இடம் தேடிச் சிறு படகில் போனவர்களின் பெயர்ப் பட்டியலில் இரண்டு டில்லிகளும் ஹவ்லண்டும் சேர்ந்தே இருக்கிறார்கள். கடல்நீர் உடையிலேயே உறைந்துபோன அந்தக் குளிரில் எட்வர்டு மயங்கி விழும் நிலைக்கு வந்துவிட்டார். தன் மகளை மணக்கப்போகிறவன் இந்தப் படகில் இருக்கிறான் என்று ஜான் டில்லிக்கு எப்படித் தெரியும்? குளிர்காலம் முடிவதற்குள் டில்லி குடும்பத்துப் பெரியவர்கள் நால்வரும் போய்விட்டார்கள். வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அதே கதி.

ஹவ்லண்ட், முதல் ஆளுநர் ஜான் கார்வரின் பணியாளாக வந்தவர். 1621 வசந்தத்தில் கார்வரும் இறந்தார், சில வாரங்களில் அவர் மனைவியும். நாதியற்றுப்போன பெண்ணும் எஜமானரை இழந்த பணியாளும் 1623 வாக்கில் மணந்துகொண்டார்கள். பத்துப் பிள்ளைகள். பத்துமே வளர்ந்து ஆளாகின. அந்தக் காலத்தில் இதைவிடப் பெரிய பாக்கியம் எது இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. எழுத்தாளர் எமர்சன், ஜனாதிபதிகள் பிராங்ளின் ரூஸ்வெல்ட், இரண்டு புஷ்கள், நடிகர் ஹம்ப்ரி போகார்ட் எல்லோரும் இந்தக் கிளைகளில் வந்தவர்கள்.

என்னை இந்தக் குடும்ப வரலாற்றில் பிடித்து நிறுத்துவது வேறொன்று. எலிசபெத் ஆளுநர் கார்வரின் மகள் என்றும், இல்லை பேத்தி என்றும் சந்ததியினர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். பெரிய மனிதர் ஒருவரின் ரத்தம் வேண்டியிருந்தது. அதற்காக, முதல் குளிர்காலத்தில் மகளைத் தனியே விட்டுச் செத்துப்போன அந்த ஏழைத் தாய் தகப்பனின் பெயர் குடும்ப நினைவிலிருந்தே போய்விட்டது. பிராட்ஃபோர்டின் கையெழுத்துப் பிரதியோ அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் காணாமல் போயிருந்தது. 1855-இல் லண்டன் பிஷப்பின் நூலகத்தில் அகப்பட்டு, அடுத்த ஆண்டு அச்சாயிற்று. கப்பலில் வந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று முதுமையில் அவர் எழுதிய பட்டியல் அதில் இருந்தது. டில்லியும் மனைவியும் கரையேறிய கொஞ்ச நாளில் இறந்தார்கள், அவர்கள் மகளை ஹவ்லண்ட் மணந்தார் என்ற செய்தி அதில் இரண்டொரு வரிதான். அந்த வரிகளால் எலிசபெத்துக்குப் பெற்றோர் திரும்பக் கிடைத்தார்கள். ஆளுநர் மகள் என்ற பட்டத்தைவிட இந்த உண்மையே அவளுக்குக் கௌரவம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் அந்த மண்ணின் கணக்கை விட்டுவிட்டு இந்தக் குடும்பத்தின் கணக்கை முடிக்க முடியாது. பிளிமத் எழுந்த இடம் பட்டுக்செட் என்ற, வாம்பனோவாக் பழங்குடியினரின் ஊர். 1616-க்குப் பிறகு வந்த கொள்ளைநோயில் ஊரே அழிந்தது. அந்த ஊர்க்காரரான டிஸ்குவாண்டம் 1614-இல் கடத்தப்பட்டு ஸ்பெயினில் விற்கப்பட்டவர். 1619-இல் எப்படியோ ஊர் திரும்பியபோது அங்கே ஒருவரும் இல்லை. குடியேறியவர்களுக்குச் சோளம் விதைக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அநாதையாக நின்ற சிறுமிக்குச் சோறு போட்டது, தானும் அநாதையாகிவிட்ட ஒருவரின் கைப்பழக்கம்.

1621 மார்ச்சில் கார்வர் வாம்பனோவாக் தலைவர் மசாசாய்ட்டுடன் சமாதானம் செய்துகொண்டார். அது ஏறத்தாழ ஐம்பது ஆண்டு நின்றது. 1675-இல் மசாசாய்ட்டின் மகன் மெட்டகாம் தலைமையில் குடியேறியவர்களுக்கு எதிராகப் போர் மூண்டபோது, ஹவ்லண்டின் மகன் ஜேபஸ் எதிரணிப் படையில் துணைத் தளபதி. மறு ஆண்டு மெட்டகாம் கொல்லப்பட்டார். பிடிபட்ட அவருடைய மகனுக்கு ஒன்பது வயதுதான். அவனைக் கொல்லலாமா என்று போதகர்கள் கடிதம் எழுதி விவாதித்தார்கள். கடைசியில் அடிமையாக விற்றார்கள்.

விதவையான எலிசபெத் 1686-இல் உயில் எழுதினார். இறகு மெத்தை, படுக்கை விரிப்புகள், போர்வைகள், சமய எழுத்தாளர் டிண்டேலின் நூல் என்று வீட்டுப் பொருள்களைப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்து, ஒருவரோடொருவர் அன்பாக இருக்கச் சொன்னார். மறு ஆண்டு, எண்பதாவது வயதில், மகள் லிடியாவின் வீட்டில் இறந்தார். ஜேபஸின் வீடு பிளிமத்தில் இன்றும் நிற்கிறது, அருங்காட்சியகமாக. ஹவ்லண்ட் வம்சாவளியை எழுதும் வேலை என் கைக்கு வந்தால், ஜேபஸின் பக்கத்தில் மசாசாய்ட்டின் பேரனையும் எழுதுவேன்: பெயர் பதிவாகவில்லை, வயது ஒன்பது, விற்கப்பட்டான்.