ஜீனோவின் ஓட்டை

1980களில் ஆனந்த விகடனில் வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' பிறகு தூர்தர்ஷனில் தொடரானது. ஜீவாவின் ஆணைக்கு நாடே தலைவணங்கும் கதையில், வளர்ப்பு இயந்திர நாயான ஜீனோ சுயமாகச் சிந்தித்து நிலாவின் பக்கம் நிற்கிறது. எப்படி? கிடைத்த விளக்கம் எனக்குப் போதவில்லை. கதையின் ஓட்டை அதுவே என்று நண்பர்களிடம் வாதாடியிருக்கிறேன்.

பின்னர் வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கே ஒளித்திரையில் விரல் குறுக்கிட்டால் இயந்திரக் கை நின்றுவிடும். கருணையால் அன்று, கட்டளையால். உற்பத்தி தாமதமான ஓர் இரவு, திரையை அணைக்கச் சொன்னார்கள். அணைத்தேன். நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை.

ஜீனோ எப்படி மீறியது என்று அத்தனை ஆண்டுகள் கேட்டவன், நான் ஏன் மீறவில்லை என்று அன்றுதான் கேட்டுக்கொண்டேன். அதற்கும் விளக்கம் போதவில்லை.