தேசிக்காயும் கரண்டியும் போதும், அளவு நாடாவைக் கொண்டு வாங்க

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் 35 வயது தாண்டியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் உள்ள ஊர்களைச் சேர்த்து மூத்தோருக்கான மெய்வல்லுநர் போட்டி ஒன்று நடத்த, நாங்கள் சில ஆசிரியர்கள் அலைந்துகொண்டிருப்பது பலருக்குத் தெரியும். "மாஸ்டர்ஸ் மீட்" என்று முதலில் வட்ஸ்அப் குறூப்பில் போட்டோம். டியூஷன் மாஸ்டர்மாருக்கு மட்டுமா என்று மூன்று பேர் கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் "மூத்தோர்" என்று மாற்றினோம். அதுவும் சரிவரவில்லை. 41 வயது நானா ஒருவர், "என்னையும் கிழவனாக்கிட்டீங்களே சேர்" என்று கோபித்துக்கொண்டார்.

உலக அளவில் இந்தப் பிரிவு 35 வயதில் தொடங்குகிறது. 35-39, 40-44 என்று ஐந்தைந்து வயதாகப் பிரித்துப் போகும். 58 வயதுக்காரர் 36 வயதுக்காரரோடு ஓட வேண்டியதில்லை, தன் வயதுக்காரர்களோடு ஓடினால் போதும். இதை விளங்கப்படுத்தினால் பாதிப் பேரின் பயம் போய்விடுகிறது. மிச்சப் பேருக்கு இருப்பது வெட்கம். பள்ளிவாசல் முன்னால் ஒரு மாமாவிடம் பெயர் கேட்டபோது, "சந்தூக்குல போற வயசில ஷோர்ட்ஸ் போடச் சொல்றியா மகன்?" என்றார். முழுக் காற்சட்டையோடும் ஓடலாம் மாமா என்றேன். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

நான் எழுத வந்த விஷயம் வேறு. கூட்டம் வைக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் எழும்பி, "வயசான ஆக்கள்தானே, சும்மா ஒரு சங்கீதக் கதிரை, தேசிக்காய் கரண்டி ஓட்டம், பணிஸ் சாப்பிடுறது, அப்பிடி வைப்பமே" என்கிறார். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். முதியோர் தினத்தில் நாங்களும் அப்படித்தான் வைக்கிறோம், எல்லோரும் சிரிக்கிறோம், ஆளுக்கொரு பிளாஸ்ரிக் வாளி கொடுத்து அனுப்புகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. 55 வயது மனிதரை மைதானத்துக்குக் கூப்பிட்டால் அவர் ஓடிய நேரத்தைச் சரியாகப் பிடித்து எழுத வேண்டும். எறிந்தால் நாடா பிடித்து அளக்க வேண்டும். கோட்டை மிதித்தால் சிவப்புக் கொடி காட்ட வேண்டும். பிள்ளைகளுக்குச் செய்யும் அந்த மரியாதையைப் பெரியவர்களுக்கு ஏன் செய்யக்கூடாது?

எங்கள் பகுதியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இப்போது ஐம்பதுகளில் இருப்பவர்கள் பாடசாலையில் ஓடிய காலம் எது என்று நினைத்துப் பாருங்கள். எண்பதுகளின் பிற்பகுதி, 1990. கோட்ட மட்டத்தில் முதலிடம் வந்தவருக்கு அடுத்த மட்டம் இல்லாமல் போன காலம். பாதை பூட்டு, பயணம் இல்லை, பாடசாலையில் அகதிகள். ஆயிரம் பெரிய இழப்புகளுக்கு நடுவில் ஓட்டப் போட்டி தவறிப்போனதை யார் கணக்கில் எடுப்பார்கள்? அந்த ஆட்களே எடுக்கவில்லை.

முன்னோட்டமாக நாங்கள் நடத்திய ஒருநாள் பயிற்சிக்கு ஒரு மேசன் காக்கா வந்தார். வயது 53. 1990இல் ஈட்டி எறிதலில் தெரிவாகி, போக முடியாமல் போனவர். இருந்த சான்றிதழ்களையும் 2004 டிசம்பர் 26 கடல் கொண்டுபோய்விட்டது. மூங்கிலில் ஈட்டி சீவிப் பழகியதாகச் சொன்னார். அவருடைய வயதுக்கு 700 கிராம் ஈட்டி. முதல் எறி வால் பக்கமாக விழுந்தது. பையன்கள் சிரித்தார்கள். இரண்டாவது சரியாகக் குத்தியது. 29 மீற்றர் 40. கையைத் தடவிக்கொண்டே வந்து, என் கொப்பியை எட்டிப் பார்த்து, "பேர் சரியா எழுதியிரிக்கா?" என்று கேட்டார். பிறகு தன் போனில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டார். அவரை நாங்கள் சாக்கு ஓட்டத்துக்கா கூப்பிட்டிருக்க வேண்டும்?

செலவு என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம். உபகரணம் புதிதாக வாங்கத் தேவையில்லை. ஆண்களுக்கு 50 முதல் 59 வரை குண்டு 6 கிலோ, 60 முதல் 69 வரை 5 கிலோ, 70 முதல் 79 வரை 4 கிலோ. பெண்களுக்கு 50 முதல் 74 வரை 3 கிலோ. இவை எங்கள் மாணவர்கள் எறியும் குண்டுகள்தான், பாடசாலைக் களஞ்சியத்தில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. ஓட்டத்தில் குனிந்து தொடங்க வேண்டிய கட்டாயமும் இல்லை, மூத்தோர் பிரிவில் நின்றபடியே தொடங்கலாம். 400 மீற்றர் சுற்றுப் பிடிக்கிற மைதானம் கிடைக்காவிட்டால் 200 மீற்றர் சுற்றில் நடத்துவோம். மைதானம் கேட்டுப் போன ஓர் இடத்தில் "இளைஞர்களுக்கே நேரமில்லை" என்று கடிதத்தைத் திருப்பித் தந்தார்கள். ஆகவே சுபஹுக்குப் பிறகு, கிரிக்கெட் பையன்கள் எழும்ப முன்னர் நடத்தப் போகிறோம். வெயிலுக்கும் அதுதான் நல்லது.

பெண்கள் பற்றி. 2023இல் முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா, 72 வயதில் பிலிப்பைன்ஸ் போய் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் எடுத்தார். நாங்களும் அந்தப் போட்டோவை ஷெயார் பண்ணினோம். நம் உம்மா ஒருவர் வெளிக்கிட்டால் என்ன சொல்வோம்? சுபஹுக்குப் பிறகு கடற்கரை வீதியில் ராத்தாமார் கூட்டமாக நடப்பதை நான் தினமும் பார்க்கிறேன். சிலரின் நடைக்கு என்னால் ஈடு கொடுக்க முடியாது. அவர்களுக்கு நடையும் குண்டும் தனி நாளில், மதில் கட்டிய பெண்கள் பாடசாலை வளவில் வைப்பதாக இருக்கிறோம். அளப்பவர், நேரம் பிடிப்பவர், எழுதுபவர் எல்லோரும் பெண்கள். போனுக்கு அனுமதி இல்லை. ஆனால் அங்கும் அளவு அளவுதான். கடைசி மீற்றர் வரை எழுதப்படும்.

உடம்பு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம். பிரஷர், சுகர் கிளினிக் போகிறவர்கள் டொக்டரிடம் கேட்டுவிட்டு வர வேண்டும். நெஞ்சு நோவு வந்து மருந்தெடுப்பவர்கள் டொக்டரின் எழுத்தோடு வர வேண்டும். சுகருக்கு ஊசி போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் வரவே கூடாது. முப்பது வருடம் ஓடாத காலோடு வந்து முதல் நாளே 100 மீற்றரை முழு வேகத்தில் ஓடினால் பின்தொடை கிழியும். மனதுக்கு 18 வயது, தசைக்கு அது தெரியாது. அதனால் ஆறு கிழமைப் பயிற்சிக்கு வராதவர்களுக்குக் குறுந்தூர ஓட்டத்தில் பெயர் எடுக்க மாட்டோம். நடைக்கும் எறிதலுக்கும் எடுப்போம். இதற்காக என்னோடு கோபிக்கிறவர்கள் கோபிக்கட்டும்.

பரிசுப் பணம் கிடையாது. இங்கிருந்து தேசிய மட்டத்துக்குப் போக விரும்பினாலும் பெரும்பாலும் கைக்காசுதான், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கிடைக்கப்போவது உங்கள் பெயர், வயதுப் பிரிவு, அளவு எழுதிய ஒரு தாள்.

ஆண்கள் எனக்கு இன்பொக்ஸ் பண்ணுங்கள். பெண்களின் பெயர்களை எங்கள் டீச்சர்மார் வீட்டுக்கு வந்து எடுப்பார்கள். பேஸ்புக் இல்லாத வாப்பாமாருக்காக அஸருக்குப் பிறகு கொப்பியோடு மைதான வாசலில் இருப்பேன். அடையாள அட்டையைக் கொண்டு வாங்க, வயதைக் குறைத்துச் சொல்கிறவர்கள் ஏற்கனவே இரண்டு பேர் வந்துவிட்டார்கள். 50 மீற்றர் நாடா எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. இன்னொன்று இரவல் தரக்கூடியவர்கள் கொமெண்டில் சொல்லுங்கள்.