அப்பாவின் உருளை

என் அறையில் எரியும் வண்ண விளக்குப் பட்டையின் படத்தைப் பார்த்த நண்பர்கள் சிலர், ஆய்வேட்டை முடிக்க வேண்டிய நேரத்தில் இது என்ன விளையாட்டு என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான். நான்காம் இயல் எட்டு மாதமாக நகரவில்லை. அதனால்தான் விளக்கு எரிகிறது.

அப்பா தாராவியில் முப்பது ஆண்டுகள் சீரியல் செட் கட்டியவர். கல்யாண வீடு, கோயில் கொடை, விநாயக சதுர்த்திப் பந்தல் எல்லாவற்றிலும் அவர் கை உண்டு. எல்இடி சரங்கள் மலிந்தபின் வேலை குறைந்து, பிறகு நின்றே போயிற்று. மான்குர்த்துக்குக் குடிவந்தபோது பழைய சாமான்கள் காயலான் கடைக்குப் போயின. அதைப் பற்றி அவர் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை குர்லாவிலும் தாதரிலும் வண்டி மாறி, கிராண்ட் ரோட்டில் இறங்கி, லேமிங்டன் ரோட்டில் ஐந்து மீட்டர் பட்டை ஒன்று வாங்கினேன். டபிள்யூஎஸ்2812பி வகை, 150 விளக்குகள். ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எல்இடிகளும் ஒரு சிறு சில்லும் உள்ளன. கட்டுப்பாட்டுப் பலகை ஒரே கம்பியில் எண்களை வரிசையாக அனுப்பும். முதல் விளக்கு தனக்குரிய 24 பிட்களை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்குத் தள்ளிவிடும். பந்தியில் தட்டைக் கைமாற்றுவது போலத்தான். ஒரு விளக்குக்கு 30 மைக்ரோ நொடி. 150 விளக்குகளுக்கும் சேர்த்து நாலரை மில்லி நொடி.

முதல் நாள் எல்லாவற்றையும் வெள்ளையாக எரியவிட்டேன். தொடக்கத்தில் வெள்ளை, நடுவில் மஞ்சள், கடைசியில் செம்மை. நிரலில் பிழை தேடி இரண்டு மணி நேரம் போயிற்று. கட்டிலில் படுத்திருந்த அப்பா தலையைத் திருப்பாமலே சொன்னார்: “ஏலே, கடைசில கரண்டு சோருது. அந்த முனையிலயும் ஒரு வயரு குடு.”

அவர் சொன்னதே சரி. முழு வெள்ளையில் ஒரு விளக்கு 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். 150க்கு 9 ஆம்பியர். பட்டையின் மெல்லிய செப்புத் தடத்தில் போகப்போக வோல்ட் குறையும். நீலமும் பச்சையும் சிவப்பைவிட அதிக வோல்ட் கேட்பவை. அவைதான் முதலில் மங்கும். மறுமுனைக்கும் மின்சாரம் கொடுத்ததும் பட்டை முழுக்க வெளுத்தது.

பட்டையை ஒரு பலகையில் வளைத்து ஒட்டிக்கொண்டிருந்த அன்றிரவு, “இதுல உருளை எங்க இருக்கு?” என்று கேட்டார். நான் பலகையிலிருந்த ஈஎஸ்பி32 சில்லைக் காட்டினேன். விரல் நகத்தின் அளவைப் பார்த்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

உருளை என்பது மரத்தில் கடைந்தது. அதன்மேல் செப்புத் தகடுகளை வெட்டி ஆணியடித்திருப்பார்கள். மோட்டார் அதைச் சுழற்றும். வரிசையாக நிற்கும் தொடுகம்பிகள் தகட்டை உரசும்போது அந்தந்த வரிசை பல்புகள் எரியும். தகடு நீளமானால் விளக்கு அதிக நேரம் எரியும். வங்காளத்தில் ஜகத்தாத்ரி பூஜை விளக்குகளுக்குப் பெயர்பெற்ற சந்தன்நகர்க் கலைஞர்களும் இத்தகைய உருளைகளைக் கொண்டுதான் ஒளியை ஓடவிட்டார்கள். நிரல் என்று நான் படித்ததை அவர்கள் தகரக் கத்தரியால் எழுதியிருக்கிறார்கள்! இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முதுகலைப் பட்டமும் அரைகுறை ஆய்வேடும் தேவைப்பட்டன.

அப்பாவின் உருளை மயில் தோகை விரிப்பது. பன்னிரண்டு இறகு. வரைபடத்தாள் கொடுத்து, நினைவிலிருந்து வரைந்து தரச் சொன்னேன். “அதெல்லாம் மறந்துபோச்சு” என்றவர், மறுநாள் நான் திரும்புவதற்குள் பன்னிரண்டு வரிசையையும் கட்டம் கட்டமாகக் கறுத்து வைத்திருந்தார். அதை அப்படியே அட்டவணையாக நிரலில் ஏற்றினேன். தோகை விரிந்தது.

“வெட்டுது” என்றார் அப்பா.

எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது. பழைய பல்பின் இழை சூடேறித்தான் ஒளிரும், அணைத்த பிறகும் கணநேரம் கனன்றே அடங்கும். ஓர் இறகு அடங்குவதற்குள் அடுத்தது எழும். அந்தக் கலப்பில்தான் தோகை அசைவதாகத் தெரியும். எல்இடியோ சட்டென எரிந்து சட்டென அணைவது. எனவே ஒவ்வொரு விளக்கும் மெல்ல ஏறி, அதைவிட மெல்ல இறங்குமாறு எழுதினேன். அதுவும் நேர்கோட்டில் இறங்கினால் சரிவராது. 255இல் பாதியான 128ஐக் கொடுத்தால் கண் அதைப் பாதி வெளிச்சமாகக் காண்பதில்லை. அதைவிடக் கூடுதலான வெளிச்சமாகவே காண்கிறது. அந்தக் கோணலை ஈடுகட்ட ஒரு திருத்தப் பட்டியலும் சேர்த்தேன். அணையும்போது சற்றே செம்மை கூட்டினேன்; குளிரும் இழை அப்படித்தான் சிவக்கும். மூன்று வாரம் இதிலேயே கழிந்தது. நெறியாளர் மன்னிப்பாராக.

நேற்று இரவு அறை விளக்கை அணைத்துவிட்டு ஓடவிட்டேன். அப்பா எழுந்து உட்கார்ந்து நான்கு சுற்று பார்த்தார். அம்மா அடுக்களையிலிருந்து வந்து, “தாராவில போட்டதுல்லா இது” என்றாள். அப்பா அதற்குப் பதில் சொல்லவில்லை.

“மூணாவது இறகு முந்துது. ஒரு கட்டம் தள்ளிப் போடு.”

தாளை எடுத்துப் பார்த்தேன். அவர் வரைந்தது சரியாகவே இருந்தது. தட்டச்சில் நான்தான் ஓர் எண்ணை விட்டிருந்தேன்.