ஓரத்தில் குத்திய ஊசி

அம்மா பாபின்களைப் போட்டு வைக்கும் பழைய பிஸ்கட் டப்பாவின் அடியில் ஒரு கட்சி பேட்ஜ் கிடக்கிறது. அப்பா கட்சி பேட்ஜ் இல்லை. கல்லூரி நாட்களில் பட்டன் தேடும்போது பார்த்தேன். கேட்டதற்கு, "வெச்ச எடத்துல வெய்யி"ன்னு மட்டும் சொன்னார். அப்பா கரை வேட்டிக்காரர். தேர்தல் முடிந்து வரும்போதெல்லாம் "நம்ம வீட்டுல மொத்தமும் நமக்குத்தான்" என்பார். அம்மா தலையை ஆட்டிக்கொண்டே காஜா எடுப்பார்.

போன மாதம் ராத்திரி ஒரு டெப்ளாய்மென்ட் முடியக் காத்திருந்தபோது கண்ணில் பட்ட ஒரு படம் அந்த டப்பாவை ஞாபகப்படுத்தியது. 18ஆம் நூற்றாண்டு பின்குஷன் ஒன்று. வட்டமான பட்டுத் திண்டு, நடுவில் ரோஜா, அதைச் சுற்றி வளையம் வளையமாகப் பெயர்கள்.

தாத்தா இழந்த பிரிட்டிஷ் அரியணையை அப்பாவுக்கு மீட்டுத்தர 1745இல் ஸ்காட்லாந்தில் வந்திறங்கியவர் இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட். 1746 ஏப்ரல் 16, கல்லோடன் போர்க்களத்தில் ஒரு மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்காமல் எல்லாம் முடிந்தது. அவர் தப்பிவிட்டார். கூடப் போனவர்களில் பலரைத் தூக்கிலிட்டார்கள், பிரபுக்களின் தலையை வெட்டினார்கள். திண்டில் இருப்பவை அப்படிச் செத்தவர்களின் பெயர்கள். மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் உயிர் கொடுத்தவர்கள் என்று சுருக்கெழுத்தில் ஒரு வரி, 1746 என்று ஆண்டு.

பிரிட்டனில் இந்த மாதிரித் திண்டுகள் ஒன்றுக்கு மேல் மிஞ்சியிருக்கின்றன. பெயர்கள் கையால் தைத்தவை இல்லை, அச்சடித்தவை. அதுதான் என்னை உலுக்கியது. யாரோ பிளாக் செய்திருக்கிறார்கள், யாரோ விற்றிருக்கிறார்கள், யாரோ காசு கொடுத்து வாங்கித் தையல் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். வாயைத் திறந்தால் ராஜதுரோகம் என்ற காலத்தில், ஆண்கள் எட்டிப் பார்க்காத பெட்டிக்குள் ஒரு முழு நெட்வொர்க். அந்த இளவரசர் பரம்பரை ஆட்சிக்காரர், எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை எல்லாம் இல்லை. ஆனால் ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் அரசியல் வந்தால் டைப் செய்துவிட்டு அழிக்கிற ஆள் நான்.

அமெரிக்காவில் 1920இல் பெண்களுக்கு வாக்குரிமை அரசியல் சட்டத்திலேயே வந்தது. 1924 தேர்தலில் கூலிட்ஜ், டாஸ் பெயர்களும் 1928இல் ஹூவர் பெயரும் போட்ட அங்குஸ்தான்கள், அதாவது தைக்கும்போது விரலில் மாட்டுகிற தொப்பிகள், பிரச்சாரத்துக்கு வந்தன. ஓட்டு கிடைத்ததும் கட்சிக்குத் தோன்றியது அந்த விரல்தான்! நம்மூர் தேர்தல் சேலை, குடம் மாதிரி. அதை விரலில் மாட்டிக்கொண்டு எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்ட பெண்கள் இருந்திருக்க மாட்டார்களா என்று யோசித்தேன். இலவசமாக வந்ததில் இருக்கும் பெயருக்கும், ஆபத்து தெரிந்தே வாங்கி ஒளித்து வைத்த பெயருக்கும் நடுவே நிறைய தூரம்.

ஊருக்குப் போனபோது அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டிக் கதையைச் சொன்னேன். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"செத்தவங்க பேரா?"

"ஆமாம்மா."

"அப்ப மேல குத்த மாட்டா. ஓரத்துலதான் குத்துவா."

படத்தைப் பெரிதாக்கினேன். ஆமாம், விளிம்புத் தையலில்தான் ஊசிகள். உள்ளே அப்பா டிவியில் விவாதம் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா டப்பாவை இழுத்துத் திறந்து, மேலாக ஒரு பாபினை எடுத்துக்கொண்டு, மூடி வைத்தார்.